எரிச்சலுக்கு ஒன்று

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நானும் என் நாத்தனாரும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் அவளுக்குத் தலைவலி. மூடி வைத்தால் எனக்கு மூச்சு முட்டும். சமையலில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால் போதும், அவள் எழுந்துபோய் உப்புச் சாடியை எடுத்து வருவாள். அப்படிப்பட்ட எங்கள் இருவருக்கும் ஒப்புமை எண் 0.91 என்று ஆபீசில் அறிவித்தபோது என் கணவர் நம்பவே இல்லை. "வேற யாரோட பேப்பரையாவது மாத்திப் பாத்திருப்பாங்க," என்றார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. பெருமையை அடக்கி வாசிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரிடமும் சொன்னேன். பாதிப் பேருக்கு அது என்ன எண் என்றே புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, 0.91 என்று கேட்கும்போதே ஒரு கம்பீரம் இருக்கிறது இல்லையா?

எங்கள் வேலை இதுதான். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், எலும்புமுறிவுப் பிரிவுக்கும் கண் பிரிவுக்கும் நடுவே, வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. பன்னிரண்டு வயது முதல் பதினேழு வரை உள்ள பிள்ளைகள் வருவார்கள். நாங்கள் டாக்டர்கள் இல்லை. நான் பதினோரு வருடம் தொலைபேசி அலுவலகத்தில் புகார் கேட்டவள். நாத்தனார் ஒரு பள்ளி நூலகத்தில் இருந்தவள். எங்களைப் போல ஆறு பேரைப் பொறுக்கியெடுத்து, ஒரு மாதம் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு கேள்விப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கேள்விகள். எழுதியதை எழுதியபடியே, எழுதிய வரிசையிலேயே கேட்க வேண்டும். பதிலுக்கு மதிப்பெண் போட வேண்டும். இல்லை என்றால் பூஜ்யம், இலேசாக என்றால் ஒன்று, கவனிக்க வேண்டிய அளவுக்கு என்றால் இரண்டு.

டாக்டர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். எங்களைப் போன்றவர்கள் கேட்டாலும் சரியாகக் கண்டுபிடிக்க முடியும் என்று நிரூபித்துவிட்டால், இந்தப் பேட்டியைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோகலாம். ஆனால் நான் கேட்டால் நோய், அடுத்தவள் கேட்டால் நோயில்லை என்று வந்தால் அது பரிசோதனையா? குலுக்கல் சீட்டு!

அதனால் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்திருந்தார்கள். ஒருத்தி பேட்டி எடுப்பாள். பிள்ளையும் பெற்றவர்களும் சம்மதித்தால் அது பதிவாகும். இன்னொருத்தி வேறொரு அறையில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டு, முதலாமவள் என்ன போட்டாள் என்று தெரியாமலே தன் மதிப்பெண்ணைப் போடுவாள். இரண்டு தாள்களும் ஒட்டிய உறைகளில், புள்ளிவிவரம் பார்க்கும் கணக்கு மேடத்திடம் போகும். அவர் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஓர் எண்ணாகச் சொல்வார். ஒன்று என்றால் முழு ஒற்றுமை. பூஜ்யம் என்றால் குருட்டாம்போக்கு.

நாங்கள் திருட்டுத்தனம் செய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில் கீழே நான், மாடியில் அவள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருகிறோம். ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி, ஒரு மதிப்பெண்ணைப் பற்றி, நாங்கள் வாயைத் திறந்ததில்லை. பஸ்ஸில் சண்டை போட எங்களுக்கு வேறு விஷயமா இல்லை?

இன்னொரு ஜோடிக்கு எண் 0.69. அந்த ஜோடியில் ஒருத்திக்கு நான் 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தேன். பேட்டி எடுக்கிறாளா செய்தி வாசிக்கிறாளா என்று தெரியாது. குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. 'கடந்த ஆறு மாதங்களில், தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல்...' என்று ஆரம்பித்தால் கமா, முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் படித்துத்தான் நிறுத்துவாள். பிள்ளை அழுதால்கூட தண்ணீர் டம்ளரை அதன் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருப்பாள். பிறகு அடுத்த கேள்வி. என்னிடம் பிள்ளைகள் சிரிப்பார்கள். வந்து ஐந்தாவது நிமிடத்தில் காலை ஆட்டிக்கொண்டு பேசுவார்கள். என் பேட்டிகள் சராசரியாக இருபத்தைந்து நிமிடத்தில் முடியும், ரேடியோவுக்கு முக்கால் மணி நேரம். பெரிய டாக்டரே என்னைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் புதுசா இருபது பேர் வர்றாங்க. உங்க ரெண்டு பேரோட பதிவைத்தான் மாதிரியா போட்டுக் காட்டப்போறோம். நீங்களே வகுப்பு எடுங்க," என்று சொல்லிவிட்டார். அன்று ரேடியோவைப் பார்த்து நான் கொஞ்சம் தாராளமாகவே சிரித்தேன்.

அடுத்த வாரம் கணக்கு மேடம் எங்களைக் கூப்பிட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். கதவருகே இருந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டினார்.

"ஒரு சந்தேகம். அதனால உங்க பதிவு இருபதை எடுத்து அந்த அறுபத்தொன்பது ஜோடிகிட்ட குடுத்தேன். கேட்டுட்டு மார்க் போடச் சொன்னேன்."

"போட்டாங்களா?"

"போட்டாங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் ஒப்புமை நாலு."

"என்ன நாலு?"

"பூஜ்யம் புள்ளி நாலு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப அவங்களுக்குக் காது சரியில்ல மேடம். டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. கீழ் மாடியிலதான் இருக்கு."

நாத்தனார் சிரித்தாள். எங்கள் சரித்திரத்தில் என் நகைச்சுவைக்கு அவள் சிரித்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம். மேடம் சிரிக்கவில்லை. ஒரு பெரிய தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கேள்விகள் வரிசையாக, பிள்ளைகள் வரிசையாக, கட்டம் கட்டமாக. கிட்டத்தட்ட எல்லா வரிசையும் பொருந்தியிருந்தது. ஒரே ஒரு வரிசையைப் பென்சிலால் சுற்றியிருந்தார். எரிச்சல்.

எங்கள் புத்தகத்தில் முதல் மூன்று கேள்விகள் முக்கியமானவை. துக்கம், எரிச்சல், எதிலும் விருப்பமின்மை. பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் முகம் வாடிப்போவார்கள். பிள்ளைகள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சில பிள்ளைகளுக்கு அது வெறும் எரிச்சலாக, எடுத்தெறிந்து பேசுவதாக மட்டுமே வெளியே தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியை முன்னால் வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றிலாவது இரண்டு மதிப்பெண் விழுந்தால்தான் மேற்கொண்டு தூக்கம், பசி, சோர்வு என்று போய், கடைசிப் பக்கத்தில் வாழப் பிடிக்காத எண்ணம் வரை கேட்போம். மூன்றிலும் விழவில்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

"இந்த இருபது பேர்ல பதினோரு பேருக்கு எரிச்சலுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு போட்டிருக்கீங்க," என்றார் மேடம். "அவங்க ரெண்டு பேரும் ரெண்டு போட்டிருக்காங்க. உங்ககிட்ட அந்தப் பதினோரு பேரும் மூணாவது கேள்வியோட வீட்டுக்குப் போயிட்டாங்க."

"இலேசான எரிச்சல்னா ஒண்ணுதானே மேடம்? எதுக்கெடுத்தாலும் ரெண்டு போட்டா ஆஸ்பத்திரி தாங்குமா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துப்போறீங்க. வேற யாரோடயும் ஒத்துப்போகல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய் உங்க பதிவை நீங்களே கேளுங்க. ஒருத்தரோடதை ஒருத்தர் இல்ல. அவங்கவங்களோடத."

விறைப்பாகத்தான் போனேன். ரேடியோவின் தவற்றைக் கண்டுபிடித்து மேடத்தின் மேஜையில் போடாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவனின் பேட்டி. எனக்கு நன்றாக நினைவிருந்தது. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே பேசியவன்.

'எல்லார் மேலயும் கோவம் வருது,' என்றது அவன் குரல். 'யாரு பேசினாலும். காலைல எழுந்ததுலருந்தே. தினமும்.'

புத்தகப்படி நான் அடுத்துக் கேட்டிருக்க வேண்டியது, எத்தனை நாளாக, ஒரு நாளில் எவ்வளவு நேரம், அதனால் என்னென்ன கெட்டுப்போனது என்று. மூன்று துணைக் கேள்விகள். பதிவில் என் குரல் கேட்டது. செல்லமாக, சிரிப்போடு, பிள்ளைகளுக்குப் பிடித்த அந்தக் குரல். 'அது இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதானேப்பா?'

பிறகு அந்தப் பையன், 'ஆமா... அப்படித்தான் போல,' என்றான்.

நான் ஒன்று போட்டேன். அதைக் கேட்ட நாத்தனாரும் ஒன்று போட்டிருக்கிறாள். பையனே ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன போடுவாள்?

அந்த வாக்கியம் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நானாகச் சேர்த்தது. அடுத்த பதிவிலும் சேர்த்திருந்தேன். அதற்கடுத்ததிலும். ஏழு பிள்ளைகளின் வாயை நானே பொத்தி, இருபத்தைந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டு, கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். ஹெட்போனைக் கழற்றியபோது காது இரண்டும் தீயாகச் சுட்டன.

படிக்கட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன கேட்டே?" என்றேன்.

"நாலு பதிவுல சொல்லியிருக்கேன் அண்ணி. ஒரே வரி. 'எங்க வீட்லயும் உன்ன மாதிரி ஒரு பட்டாசு இருக்கு'ன்னு."

பட்டாசு என்பது என் மகள். பதினைந்து வயது. தொட்டால் வெடிப்பாள் என்பதால் அவளுடைய அத்தைதான் அந்தப் பெயரை வைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். சாப்பிடக் கூப்பிட்டால் வெடிப்பாள். கூப்பிடாவிட்டாலும் வெடிப்பாள். வயசுக்கோளாறு என்பார் என் கணவர். வீட்டில் இந்த ஒரு விஷயத்தில்தான் மூன்று பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

"உனக்கு அறிவிருக்கா? வீட்டுக் கதையைப் போய் பேட்டியில பேசுவாங்களா?" என்று கத்தினேன்.

"நீங்க மட்டும் பேசலையாக்கும்? இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கும்னு யாரை வச்சு சொன்னீங்க?"

அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"நாம எல்லாப் பிள்ளைங்களையும் அவளோட வச்சுத்தான் பாத்திருக்கோம் அண்ணி. அவளை விட மோசமா இருந்தா ரெண்டு. அவ அளவுக்கு இருந்தா ஒண்ணு." அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அவ சரியா இருக்கான்னு நாம யாரைக் கேட்டோம்?"

கணக்கு மேடத்திடம் வராத பயம் அங்கே வந்தது. தினமும் எங்களோடு ஒரே மேஜையில் சாப்பிடும் பிள்ளை. ஊரார் பிள்ளைகளின் மனதை அளந்து பார்க்கும் இரண்டு பேர் அவளுக்கு அம்மாவும் அத்தையும். நாங்கள் அவளுக்குப் பட்டாசு என்று பேர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றே அறிக்கை எழுதினோம். பதினோரு பிள்ளைகளையும் திரும்பக் கூப்பிட வேண்டும், எங்கள் 0.91ஐ எங்கேயும் பயன்படுத்தக் கூடாது, தவறு எங்களுடையது. பெரிய டாக்டர் படித்துவிட்டு மோவாயைத் தடவினார். புதியவர்களின் வகுப்புக்கு இனி எதைப் போட்டுக் காட்டுவது என்று கேட்டார். "என் பதிவையேதான் டாக்டர். எப்படிக் கேக்கக்கூடாதுன்னு காட்டறதுக்கு அதை விட நல்ல பதிவு கிடைக்காது," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதினோரு பேரில், காலர் கடித்த பையன் உட்பட ஏழு பேருக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. திரும்ப அளந்ததில் எங்கள் எண் 0.74. இப்போது பால்காரரிடம் அதைத்தான் சொல்கிறேன். கவனமாகக் கேட்டு, தனித்தனியாக யோசித்து, சில இடங்களில் நியாயமாகவே வேறுபட்டு வந்த எண். அந்த 0.91ஐ விட இதில்தான் எனக்குப் பெருமை.

மகளிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. சொந்தப் பிள்ளையை நாங்கள் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் எனக்கு அந்தத் தகுதி இல்லை. ரேடியோவிடம் போனேன். என் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போட்டவள், எனக்கு நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கலாம். "உங்க பொண்ணு சம்மதிச்சா புதன்கிழமை காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. பெத்தவங்க பேட்டியும் உண்டு, உங்களுக்கே தெரியும்," என்றாள், அதே செய்தி வாசிக்கும் குரலில்.

மகள் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"உன் ஆபீஸ்லயா? எதுக்கு? உன் மார்க்குக்கா?"

"என் மார்க் போயாச்சு. உனக்காகக் கேக்கறேன்."

திரும்பிப் பார்த்தாள். "எப்படிப் போச்சு?"

ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பையனின் காலரை, என் சிரிப்பை, அத்தையின் பட்டாசுக் கதையை. கோபப்படுவாள் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் கோபப்படவில்லை. போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "சரி, வரேன். ஆனா அத்தை வரக்கூடாது," என்றாள் கடைசியில். அத்தை வரவில்லை. அன்று காலை மாடியிலிருந்து இறங்காமலே இருந்தாள். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் பெற்றவர் பேட்டி. மூன்று வருடமாக நான் உட்கார்ந்த மேஜை. எதிர்ப்பக்கம் இருக்கும் நாற்காலி இவ்வளவு தாழ்வானது என்று எனக்குத் தெரியாது. ரேடியோ புத்தகத்தைத் திறந்தாள். அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். எந்தப் பதிலுக்கு என்ன மதிப்பெண் என்பதும் அத்துப்படி. 'வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள், கொஞ்ச நேரத்துல சரியாயிடுவா' என்று சொன்னால் ஒன்று. மூன்று இடத்தில் அப்படிச் சொன்னால் நாங்கள் வீட்டுக்குப் போகலாம். என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து போகலாம். ஒரு விநாடி அந்த ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"கடந்த ஆறு மாதங்களில், உங்கள் மகள் தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், எரிச்சலாகவோ எளிதில் கோபப்படுபவராகவோ இருந்ததுண்டா?"

"உண்டு."

"எத்தனை நாட்கள்?"

"கிட்டத்தட்ட தினமும்."

"எப்போது ஆரம்பித்தது?"

யோசித்தேன். தேதி தேடினால் ஏதோ ஒரு இடத்தில் நூல் கிடைக்கும் என்று பிள்ளைகளின் அம்மாக்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கிடைத்தது. "எட்டு மாசம். ஸ்கூல் வாலிபால் டீம்லருந்து விலகினா. நாலு வருஷமா விளையாடினவ. ஏன்னு கேட்டேன், பிடிக்கலன்னா. நல்லதாப் போச்சு, இனிமே ஒழுங்கா படிப்பான்னு... நான் சந்தோஷப்பட்டேன்."

ரேடியோ தலையைக்கூட ஆட்டவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த கேள்வியைப் படித்தாள். கடைசிவரை எல்லாவற்றுக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். தெரியாது என்று சொன்ன இடங்கள்தான் அதிகம்.

பிறகு மகள் உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் கண் பிரிவுக்கு வழிகாட்டும் அம்புக்குறி. பதினைந்து நிமிடம் ஆயிற்று. முதல் மூன்று கேள்விகள் முடிந்திருக்கும். வெளியே வரவில்லை. அரை மணி ஆயிற்று. அப்போதும் வரவில்லை. வராத ஒவ்வொரு நிமிடத்துக்கும் அர்த்தம் தெரிந்தவளாக அங்கே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஐம்பத்திரண்டு நிமிடம். கதவு திறந்தது. ரேடியோ என்னிடம், "டாக்டர் இன்னைக்கே பாத்துடுவாங்கக்கா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவள் வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"எனக்கு இருக்கும்மா. அவங்க சொல்லல. எனக்கே தெரியுது."

"ம்."

"கடைசிப் பக்கம் வரைக்கும் போனாங்க. எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லல." அவள் என் முகத்தைப் பார்க்காமல் அம்புக்குறியைப் பார்த்துச் சொன்னாள். "காலைல எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு சில நாள் தோணியிருக்கு. வேற எதுவும் பண்ணணும்னு நினைச்சதில்ல. ஆனா தோணியிருக்கு. அதையும் சொல்லிட்டேன்."

மூன்று வருடம் அந்தக் கேள்வியை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அதன் பதில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்காரும் என்று நினைத்ததில்லை. ஐயோ என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"எப்படிடி சொன்ன? ஒரு வெளியாள்கிட்ட?"

"அவங்க எல்லாத்தையும் ஒரே மாதிரி படிச்சாங்கம்மா. தூக்கம் வருதா, பசிக்குதா, சாகணும்னு தோணுதா, எல்லாம் ஒரே குரல்தான். நான் ஆமான்னு சொன்னதும் பதறல. எப்பலருந்துன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுது. அதான் சொல்ல முடிஞ்சுது. உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவே. இல்ல, சிரிச்சுடுவே."

ரேடியோ என்று பேர் வைத்துச் சிரித்த என் வாயை அந்தக் கணமே தைத்துப் போட்டிருக்க வேண்டும். நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் வேறொன்றும் நிமிர்ந்து எழுந்தது. என் பிள்ளை ஐம்பத்திரண்டு நிமிடம் ஒரு மேஜையின் முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் பிடித்த பதிலைச் சொல்லாமல், தனக்குத் தெரிந்த உண்மையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் பார்த்த நூற்றுக்கணக்கான பேட்டிகளில் அதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கோவமாம்மா?"

"பெருமையா இருக்குடி."

"இதுக்குப் போயா?"

"இதுக்குத்தான்."

அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

டாக்டர் அறையில் எங்களை வரச்சொன்னார்கள். நான் பழக்கத்தில் முன்னால் போனேன். டாக்டர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்துக் கேட்டார், "அம்மாவும் உள்ள வரலாமா? உன் இஷ்டம்தான்."

வாசலிலேயே நின்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வரட்டும் டாக்டர்," என்றாள் என் மகள். "ஆனா பேசறது நான்."